குழுவுக்கு ஒரு கதைப் புத்தகம்



நம் மாநிலத்தில் அரசு உதவியோடு மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கியது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். அன்று கைநாட்டு வைத்தவர்களில் பலர் பிறகு கையெழுத்துப் போடவும், தீர்மான நோட்டைப் படிக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பாஸ்புக்கையும் தீர்மான நோட்டையும் தவிர வேறு எதைப் படிக்கிறோம்? "கதை படிச்சுக்கிட்டிருந்தா மாட்டை யார் பார்க்கிறது?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது.

வை.மு. கோதைநாயகி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதிலேயே கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். பிறகு தானே எழுதக் கற்று 115 நாவல்கள் எழுதினார். 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையையும் நடத்தினார். நமக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

வாசித்துப் பழக்கம் இல்லாதவர்கள் ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதை, ரமணிசந்திரனின் குடும்பக் கதையில் தொடங்கலாம். அதைக் கேவலமாகப் பேசுபவர்கள் பேசட்டும். அரூர் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முழுசாக முடிச்சோம் என்ற தெம்பு வருமே, அது பெரிசு. அடுத்து கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. படம்தான் பார்த்தாச்சே என்று விட வேண்டாம். ஐந்து பாகக் கதை இரண்டு படத்தில் அடங்காது. படகோட்டும் பூங்குழலியைப் புத்தகத்தில்தான் முழுசாகப் பார்க்க முடியும்.

நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ராஜம் கிருஷ்ணனை. யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்கள் ஊருக்கே போய், பேசிப் பழகி எழுதியவர். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னாச்சியின் கதை 'கரிப்பு மணிகள்'. கொத்து வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிற நம் பெண்களுக்கு அந்த வெயிலும், கூலிப் பிடித்தமும், கங்காணி பார்வையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரது 'மண்ணகத்துப் பூந்துளிகள்' பெண் சிசுக் கொலையைப் பற்றியது. 2001-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் நம் மாவட்டத்துக்கு ஏன் வந்தது என்று தெரிந்தவர்கள் அதைப் படிக்க வேண்டும். மருமகள்களும் மாமியார்களும் சேர்ந்தே படித்தால் இன்னும் நல்லது. பேச்சு எழும், சண்டைகூட வரலாம். வரட்டும்.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' சத்தியமங்கலம் மலைமக்களின் கதை. வீரப்பன் தேடுதல் நடந்த காலத்தில் அவர்கள் பட்ட கொடுமையைச் சொல்கிறது. பென்னாகரம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கொடுமைகளை அப்படியே சொல்லும் புத்தகம். மனதைத் தயார் செய்துகொண்டு எடுங்கள், சின்னப் பிள்ளைகள் முன்னால் வேண்டாம்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ராஜம் கிருஷ்ணன், கல்கி நூல்கள் நாட்டுடைமை ஆனவை. அதனால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. ஊர்ப்புற நூலகத்தில் குழுவிலிருந்து இரண்டு பேர் உறுப்பினராகச் சேர்ந்தாலே போதும். எடுத்த புத்தகத்தின் பெயர், எடுத்தவர், திருப்பும் தேதி மூன்றையும் கடன் லெட்ஜர் மாதிரி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களை ஒதுக்க வேண்டாம். புளி தட்டும் நேரத்தில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும், மற்றவர்கள் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்கலாம்.