ஜூனுக்கு முன் பிரேக்கரைப் பாருங்கள்: தம்மாம் வீடுகளுக்குக் கோடை ஆலோசனை

தம்மாம், கோபர், கத்தீஃப் வீடுகளில் இனி ஏசி இரவு பகலாக ஓடும். ஜூன், ஜூலையில் ஷமால் காற்று புழுதியை அள்ளி வரும். ஆகஸ்டில் கடலோரப் புழுக்கமும் சேரும். வீட்டு வயரிங் மிகவும் பாடுபடும் மாதங்கள் இவை. பிரேக்கர் மாற்ற வேண்டியிருந்தால் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பிரேக்கர் இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காக்கத்தான்.

ஏன் டிரிப் ஆகிறது?

பிரேக்கர் விழுந்ததும் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் ஏசி ஃபில்டரைக் கழுவுங்கள். வெளி யூனிட்டில் படிந்த புழுதியை எடுக்கச் சொல்லுங்கள். அடைபட்ட ஏசி கூடுதல் கரண்ட் இழுக்கும். தூக்கிவிட்ட நொடியே மறுபடி விழுந்தால் ஷார்ட் இருக்கலாம். திரும்பத் திரும்பத் தூக்கிவிடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அவரிடம் கிளாம்ப் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஏறக்குறைய 7 முதல் 10 ஆம்பியர் எடுக்கும். அந்த அளவுக்கே 20 ஆம்பியர் பிரேக்கர் விழுந்தால், பிரேக்கர் தளர்ந்திருக்கலாம் அல்லது அதன் ஸ்குரூ லூசாகியிருக்கலாம். லூசான இடத்தில் செம்பு நுனி கறுத்திருக்கும். வயர் உறை விறைத்து, தொட்டால் உதிரும். பிரேக்கரின் ஓரம் பழுப்பேறியிருக்கும். அங்கே ஸ்குரூவை முறுக்கிவிட்டால் மட்டும் போதாது. கருகிய நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, புது பிரேக்கரில் மாட்ட வேண்டும்.

ஆம்பியரை ஏற்றாதீர்கள்

எம்சிபி எனப்படும் வீட்டு பிரேக்கர்களின் அளவு 30 டிகிரி வெப்பத்தை வைத்துக் குறிக்கப்படுவது. வெயில் படும் சுவரில் இருக்கும் பிரேக்கர் பெட்டிக்குள் 50 டிகிரி ஏறினால், 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்குக் குறைவான கரண்டிலேயே விழும். உடனே "32 போட்டுவிடலாம்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டால், அது விழுவதற்கு முன் வயரின் உறை சூடேறி உருகலாம். பெட்டிக்கு நிழலும் காற்றும் கொடுங்கள். ஏசிக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்.

எத்தனை போல்?

சவூதியில் பழைய கட்டடங்களுக்கு 127/220 வோல்ட், புதியவற்றுக்கு 230/400 வோல்ட். இந்த மாற்றத்தை அரசு 2010-இல் முடிவு செய்து படிப்படியாகச் செய்துவருகிறது. பழைய கட்டடத்தில் ஏசிக்கு வரும் 220 வோல்ட் இரண்டு ஃபேஸுக்கு இடையே எடுப்பது. இரண்டு வயரிலும் கரண்ட் இருக்கும். அங்கே இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் பிரேக்கர்தான் போட வேண்டும். சிங்கிள் போல் போட்டால், ஆஃப் செய்த பிறகும் ஒரு வயர் உயிரோடு இருக்கும். ஏசி மெக்கானிக் கை வைத்தால் ஷாக் அடிக்கும். இரண்டு சிங்கிள் போலைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவதும் ஆபத்து: ஒன்று விழும், மற்றது நிற்கும்.

கடைக்குப் போகும்போது

தம்மாம் சீக்கோ பக்கம் போனாலும் கோபருக்குப் போனாலும், பழைய பிரேக்கரின் முகப்பையும் தப்லூன் (பிரேக்கர் பெட்டி) கதவின் உட்பக்க லேபிளையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பார்க்க வேண்டியவை:

• அதே கம்பெனி, அதே வகை. பழைய அமெரிக்க வகைப் பெட்டியில் அழுத்தி மாட்டும் பிரேக்கர். புதியதில் ரயிலில் மாட்டும் எம்சிபி. ஒன்று மற்றதில் உட்காராது. வேறு பிராண்ட் உட்கார்ந்தாலும் பஸ்பாரை இறுகப் பிடிக்காமல் சூடேறலாம்.

• எம்சிபியில் சி 20 என்றிருந்தால் அதே சி 20. ஏசி கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை சி வகை தாங்கும்.

• கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்றிருப்பது ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்கும் திறன். பழையதைவிடக் குறையக் கூடாது.

• சவூதி மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. ஊரிலிருந்து கொண்டுவந்த பிரேக்கரில் 60 ஹெர்ட்ஸ் என்று இல்லாவிட்டால் மாட்டாதீர்கள்.

• க்யூஆர் கோடுள்ள வரி பில் கேட்டு வாங்குங்கள். போலிச் சரக்கு என்று தெரிந்தால் திருப்பிக் கேட்க அதுதான் கையில் இருக்கும்.

மாட்டும் நாளில்

வாடகை வீடென்றால் ஹாரிஸ் (கட்டடக் காவலாளி) மூலம் உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள்; கேம்ப் என்றால் பராமரிப்புப் பிரிவுக்கு. வேலையைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனே செய்யட்டும். மெயினை இறக்கினாலும் அதன் மேல் முனையில் கரண்ட் இருக்கும் என்பதால், ரூமில் யாரும் ஸ்குரூ டிரைவரோடு இறங்க வேண்டாம். மீட்டர் சீலைத் தொடாதீர்கள். அந்தப் பக்கக் கோளாறுக்கு மின் கம்பெனியின் 933-ஐ அழையுங்கள்.

வேலை முடிந்ததும் ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வாட்டர் ஹீட்டர் லைனில் 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி (மின்கசிவுக்கு விழும் பிரேக்கர்) இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது உடனே விழ வேண்டும், விழாவிட்டால் அதையும் மாற்றுங்கள். எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று தமிழிலும் அரபியிலும் எழுதி ஒட்டுங்கள். கருகல் வாடையோ புகையோ வந்தால், எல்லாரையும் எழுப்பி வெளியேறி 911-ஐ அழையுங்கள்.