நீர் தெரியும் வறட்சி: எண்ணூர்–மீஞ்சூர்ப் பாதையில் ஒரு பார்வை

வறட்சி என்றவுடன் வெடித்த ஏரியும் கருகிய பயிருமே நம் மனக்கண்முன் தோன்றும். அத்தகைய காட்சிகள் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையைச் சுற்றித் தாராளமாகவே இருந்தன. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஜூன் மாதத்தில் ஏறத்தாழ வறண்டுவிட்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் ரயில் மூலம் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

ஆயினும், இராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலேறி வடக்கே செல்லும் பிரயாணி வேறொரு வறட்சியைக் காணலாம். கவனித்துப் பார்த்தால்தான் அது புலப்படும். திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளைக் கடந்து எண்ணூரை அடைந்தால், கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் கோடையிலும் நீர் தளும்பும். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் தாண்டிக் கிணறுகளிலும் நீர் தெரியும். ஆனால் அந்நீரைப் பாய்ச்சிய வயல்களில் உப்புப் பூக்கிறது. பல நிலங்கள் தரிசாகக் கிடக்கின்றன.

இதற்குக் காரணம் நிலத்தடியில் உள்ளது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொணர்ந்து சேர்த்த மணற்படுகையில் நன்னீர் நிறைந்திருந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்து ஆலைகளுக்கும் நகரத்திற்கும் நீர் எடுத்தார்கள். குடியானவர்களும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். 1969-லேயே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உட்புகுந்தது கண்டறியப்பட்டது. பின்னர் அது கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றது.

நன்னீர் உவர்நீரைவிட இலேசானது, அதன்மேல் மிதக்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால், நாளடைவில் கீழேயிருந்து 40 அடி உவர்நீர் ஏறி வரும்! ஆகவே "கிணற்றை இன்னும் ஆழப்படுத்துவோம்" என்று பஞ்சாயத்தில் எழும் யோசனை, உள்நாட்டில் பயன்படலாம். கடலோரத்தில் அது உவர்நீரை நாமே போய் அழைத்து வருவதற்கு ஒப்பாகும். காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடைய நிலையம் கடல்நீரைச் சுத்திகரிக்கிறது. அதன் பக்கத்து ஊர்களில் நன்னீர்ப் படுகையை உவராக்கும் வேலையைச் சந்தடியின்றி நாம் செய்து முடித்திருக்கிறோம்.

கடலோரப் பஞ்சாயத்துக்கள் ஆண்டுதோறும் ஜனவரியிலும் மே மாதத்திலும் ஊர்ப் பொதுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் குறிக்கலாம். நீரை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பி மின்கடத்தும் திறனை அறியலாம். அது மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். ஆண்டுக்காண்டு எண் ஏறுமானால், முதலில் நிறுத்த வேண்டியது லாரிகளுக்கு நீர் விற்பதை. ஏரியைத் தூர்வாருதலும் தடுப்பணையும் படுகைக்கு நன்னீரைத் திருப்பித் தரும். ஆனால் புகுந்த உப்பு வெளியேறப் பல மழைக்காலங்கள் ஆகும்.