வெளிவராத நெருப்பு

நுழையும்முன்

காலடியில் கிடக்கும் கல்லை நாம் பொருட்படுத்தாமல் கடந்து செல்கிறோம். நிலவியல் அறிஞருக்கோ அது புவி தன் வரலாற்றை எழுதிவைத்த ஏடு. சென்னையின் தென்புறக் குன்றுகளில் உள்ள அவ்வேட்டைப் படிக்க முயல்கிறது இப்பாடம்.

குன்றும் கேள்வியும்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் தொடர்வண்டிப் பாதையில் உள்ள ஊர் சிங்கப்பெருமாள் கோவில். அங்குள்ள சிறு குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் எழுப்பப்பட்டது பாடலாத்ரி நரசிம்மர் திருக்கோவில். இறைவன் திருவுருவம் பாறையோடு பாறையாக அமைந்திருப்பதால், அவரை வலம்வர விரும்புவோர் குன்றையே சுற்றி வருகின்றனர். ‘பாடலம்’ என்பது செந்நிறம். ‘அத்ரி’ என்பது மலை. நரசிம்மரின் சினத்தால் குன்று சிவந்தது என்பது தலபுராண மரபு. “அப்படியானால், இது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா?” என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை காண்போம்.

எரிமலை தந்த பாறை

புவியின் உள்ளே உருகிய பாறைக்குழம்பு மேற்பரப்பை அடைந்து, விரைவாகக் குளிர்ந்து இறுகினால் எரிமலைப் பாறை உருவாகிறது. அந்தமான் கடலிலுள்ள பேரன் தீவில் இன்றும் ஓர் எரிமலை உயிர்ப்புடன் இருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மேற்கு இந்தியாவில் நிலப்பிளவுகள் வழியே வெளிவந்த குழம்பு அடுக்கடுக்காக உறைந்து, தக்காணத்தின் பசால்ட் பாறைகளாயிற்று. எல்லோராவின் கயிலாசநாதர் கோவில் அப்பாறையில் செதுக்கப்பட்டதே.

ஆழத்தில் பிறந்த பாறை

சென்னையின் தென்புறக் குன்றுகளின் கதை வேறு. பல்லாவரம் முதல் செங்கற்பட்டு வட்டாரம் வரை பரவலாகக் காணப்படும் கருநீலச் சாயல்கொண்ட கருங்கல், ‘சார்னோக்கைட்’ எனப்படும். இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கும் மிகுந்த வெப்பத்தில், நீர்ப்பசை மிகக் குறைந்த சூழலில் இது உருவாயிற்று. அச்சூழலின் சான்றாக ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இதில் அமைந்துள்ளது. பின்னர் நிலம் உயர்ந்தது. மேலே மூடியிருந்த பாறையடுக்குகளை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்தன. ஆழத்தில் கிடந்த பாறை அவ்வாறுதான் வெயிலைக் கண்டது. அதிலுள்ள இரும்பு துருவேறும்போது பாறையின் மேற்பரப்பும் அதிலிருந்து பிறக்கும் மண்ணும் செம்பழுப்பு நிறம் பெறுகின்றன.

ஆகவே, இக்குன்று எரிமலை அன்று. வெளிவராமலே அடங்கிய நெருப்பின் சின்னம். இப்பாறையின் வயதை ஒரு நாளாகச் சுருக்கினால், தக்காண எரிமலைகள் நள்ளிரவுக்கு ஏறத்தாழ 38 நிமிடங்களுக்கு முன் குமுறின. பல்லவர் காலம் தொடங்கி இன்றுவரையிலான காலமோ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கல்லறை தந்த பெயர்

கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னோக்கின் கல்லறை உள்ளது. அதன் கல் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. 1893இல் அக்கல்லை ஆராய்ந்து எழுதிய நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, சார்னோக்கின் பெயரையே பாறைக்கும் சூட்டினார். இன்று உலகெங்கும் இவ்வகைப் பாறை அப்பெயராலேயே வழங்குகிறது. அதன் முதல் அடையாளம் நம் பல்லாவரமும் பரங்கிமலையும் ஆகும். பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

உளியும் வெடியும்

மகேந்திரவர்மன் காலத்தில் பல்லாவரத்திலும் செங்கற்பட்டை அடுத்த வல்லத்திலும் இக்கடினப் பாறைகள் குடையப்பட்டன. உளி பட்ட குன்றுகள் இன்றும் நிற்கின்றன. வெடி பட்ட குன்றுகளோ சல்லியாகிச் சாலைகளிலும் கட்டடங்களிலும் கரைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் ஆழமான பள்ளங்களே எஞ்சியுள்ளன. 2017ஆம் ஆண்டு வறட்சியின்போது, சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்கு வழங்கப்பட்டது. பள்ளமும் பயன்பட்டது என்பது உண்மையே. எனினும், பள்ளத்தில் மழைநீர் மீண்டும் நிறையும். குன்று மீண்டும் வளராது.

வீடு கட்டக் கல் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. எந்தக் குன்றை உடைக்கலாம், எதைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்யுமுன், அது என்ன என்பதையேனும் அறிந்திருத்தல் நம் கடமை. குன்றை வலம்வரும் அடியவர் அதனை இறைவனாகக் காண்கிறார். நிலவியலாளர் ஏடாகக் காண்கிறார். இருவருமே அதனை வெறும் கல்லாகக் காண்பதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள குன்று அல்லது பாறையின் நிறம், மணிகளின் அளவு, அதனைப் பற்றி வழங்கும் கதை ஆகியவற்றைத் தொகுத்து வகுப்பறையில் பேசுக.

2. ‘குன்றுகளைக் காத்தலும் கட்டுமானத் தேவையும்’ என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.