கடல் நடுவே ஒரு விடுமுறை

கேள்வி: கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் அந்தமானின் போர்ட் பிளேர் செல்ல எண்ணம். கப்பலா, விமானமா? எப்போது போகலாம்?
– வாசகர், நெய்வேலி நகரியம்

பதில்: ஆண்டு முழுதும் சுரங்கத்து ஷிப்டை அனுசரித்தே உண்டு உறங்கும் தங்களுக்கு, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று நாமகரணம் பெற்ற அந்தச் சாவதானமான ஊர் உகந்ததே, ஆயினும் தென்மேற்குப் பருவமழை நம் தேசத்தில் முதன்முதல் இறங்குமிடம் அத்தீவுகளாகையால், மே மத்திக்குப் பின் கடல் கொந்தளித்துப் படகுகள் நின்றுபோகக்கூடும் என்பதை உத்தேசித்து, ஏப்ரல் கடைசியிலேயே புறப்படுவது உத்தமம். சென்னையிலிருந்து விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். கப்பலுக்கு மூன்று தினங்கள் ஆகும், குழந்தைகளுக்கு வாந்தி வேறு. கடிகாரம் இங்குள்ளதேயானாலும் பொழுது ஐந்து மணிக்கே புலர்ந்து, மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். ஆகவே காலைத் தூக்கத்தைத் தியாகம் செய்யுங்கள்.

1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையின் ஏழு கட்டடச் சிறகுகளில் எஞ்சிய மூன்றை அவசியம் பாருங்கள்; ஒரு சிறகின் முகப்பு மற்றொன்றின் முதுகையே நோக்குமாறு அமைத்து, ஒரு கைதி மற்றொருவன் முகத்தைக் காணவொட்டாமல் செய்த குரூர சாமர்த்தியத்தை அங்கே நின்றால்தான் உணர முடியும். யந்திரங்களில் பிரியமிருந்தால், 1883-இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலைக்கும் போகலாம். தமிழர் கணிசமாக வசிப்பதால் பாஷைக் கஷ்டம் அதிகமிராது.