தொடையிடுக்குக் குடலிறக்கமும் நுண்துளை அறுவைச் சிகிச்சையும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நெல்லும் கரும்பும் மணிலாவும் முக்கியப் பயிர்கள். மூட்டை சுமப்பதும் கரும்புக் கட்டுத் தூக்குவதும் இங்குள்ள உழைப்பாளிகளின் அன்றாடப் பணி. அப்பணிக்கு இடையூறாக வரும் நோய்களுள் ஒன்று குடலிறக்கம். மக்கள் வழக்கில் இரணியா. ஆடவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதேனும் இது உண்டாகின்றது. ஆயினும் வெட்கத்தினாலும், அறுவடை முடியட்டும் என்ற எண்ணத்தினாலும் இதனை மறைத்து வைப்போர் உளர். அவ்வாறு மறைத்தல் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நோயின் தன்மை

தொடையிடுக்கில் வயிற்றின் தசைச்சுவர் இயல்பாகவே சற்று வலுக்குறைந்தது. அது மேலும் தளரும்போது குடலின் ஒரு பகுதியோ கொழுப்போ அவ்வழியே பிதுங்குகின்றது. இருமினால் புடைப்புப் பெருக்கும். படுத்தால் உள்ளே செல்லும். கச்சையும் இறுக்கிய கோவணமும் புடைப்பை அமுக்குமேயன்றி ஓட்டையை அடைக்கமாட்டா. மருந்தாலும் அது மூடாது. அறுவைச் சிகிச்சையே வழி.

இரு முறைகள்

தொடையிடுக்கில் கீறி, வலை வைத்துத் தைப்பது ஒரு முறை. மற்றொன்று நுண்துளை முறை. 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உட்வாடியா இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். தமிழகத்தில் இதனை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர் கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு.

இம்முறையில் வயிற்றில் மூன்று சிறு துளைகள் இடப்படும். கரியமில வாயு செலுத்தி, ஒளிக்குழாயின் துணையால் உள்ளே பார்த்து, ஓட்டையின் உட்புறத்தில் வலை பரப்பப்படும். ஏரிக்கரையில் ஓட்டை விழுந்தால் நீர்ப்பக்கம் நின்று அடைப்பதை இது ஒக்கும். நீரின் அழுத்தமே அடைப்பைப் பிடித்து நிறுத்துமன்றோ?

நுண்துளை முறையில் வலி குறைவு. வேலைக்கு விரைவில் திரும்பலாம். இருபுறமும் இறக்கம் உள்ளோர்க்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் முழு மயக்க மருந்து தேவை. அதனைத் தாங்க இயலாத முதியோர்க்கு, இடத்தை மட்டும் மரக்கச் செய்து கீறிச் செய்யும் முறையே பாதுகாப்பானது. எனவே முறையைத் தேர்வதை மருத்துவரிடம் விடுதல் நன்று.

ஆபத்தின் அறிகுறிகள்

புடைப்பு உள்ளே செல்லாமல் கடினமாகி, கடும் வலியும் வாந்தியும் தோன்றினால், குடல் நெரிபடுகின்றது என அறிக. சில மணி நேரத்தில் குடல் அழுகக்கூடும். அந்நிலையில் புடைப்பைப் பிசைந்து தள்ள முயலாமல், 108 ஊர்தியை உடனே அழைத்திடுக. பெண்களுக்குத் தோன்றும் புடைப்பையும் காலந்தாழ்த்தாது காட்டுதல் வேண்டும். அவர்களுக்கு நெரிபடும் வாய்ப்பு மிகுதி.

ஊராட்சியின் கடமை

விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் இயங்கி வருகின்றது. திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களை ஊராட்சி உறுப்பினர் கண்டறிந்து, வருமானச் சான்று பெற்று விண்ணப்பிக்க உதவுதல் வேண்டும். சிகிச்சைக்குப்பின் மருத்துவர் அனுமதிக்கும்வரை அவரைப் பாரம் தூக்க விடாது, இலேசான வேலை தருதலும் நம் கடமையே. கரை உடையுமுன் அடைப்பவனே கெட்டிக்காரன். உடலுக்கும் அதுவே விதி.