வழி காட்டும் ஆர்.என்.ஏ.

நம் சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களிடையே அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை நோய் உண்டு. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும்; தாங்க முடியாத வலி வரும்.

இதற்கான புதிய சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் மூலச்செல்களை வெளியே எடுப்பார்கள். மரபணுவில் வெட்டவேண்டிய இடத்தை ஒரு சிறு ஆர்.என்.ஏ. காட்டும், நொதி ஒன்று அங்கே கத்தரிக்கும். அச்செல்களைத் திரும்பச் செலுத்தியதும், பிறந்தபின் குறைந்துபோன கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகும். அணுக்கள் வளைவது குறையும்.

2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இதற்கு அனுமதி தந்தன. அமெரிக்க விலையோ 22 லட்சம் டாலர்! மலைவாசிக்கு எட்டும் விலையில் கிடைக்க, டில்லி ஐ.ஜி.ஐ.பி. போன்ற நம் நாட்டு ஆய்வகங்களின் முயற்சி பலிக்க வேண்டும்.

அதுவரை ரத்தப் பரிசோதனையே துணை. தாய், தந்தை இருவரிடமும் இக்கூறு மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பரம்பரையில் இந்நோய் உள்ளவர்கள் ஜாதகத்தோடு இதையும் பார்த்துவிடுவது நல்லது என்பேன்.