கோடைக்காயும் வற்றலும்

உலகில் எப்பொருளும் எக்காலத்தும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. மழைக்கு ஒரு பருவம் உண்டு. வெயிலுக்கு ஒரு பருவம் உண்டு. கொடியில் காய் நிறைந்து தொங்கும் திங்களும் உண்டு. அதே கொடி காய்ந்து சருகாய்க் கிடக்கும் திங்களும் உண்டு. மிகுந்து கிடைக்கும் காலத்தில் பொருளைப் பாழாக்காமல் காத்து, அஃது அருகிய காலத்தில் எடுத்துப் பயன்கொள்ளுதல் அறிவுடையார் செயல். எறும்பு இதனைத் தன் இயல்பூக்கத்தால் செய்கிறது. மனிதன் கண்டும் ஆராய்ந்தும் செய்கிறான். நம் இல்லங்களில் ஆண்டுதோறும் கோடையில் இடப்படும் வற்றலும் ஊறுகாயும் அவ்வாராய்ச்சியின் பயனே ஆகும். எளிய பொருள்கள் என்று நாம் கருதும் இவற்றுள் பொதிந்துள்ள அறிவினை இப்பாடத்தில் காண்போம்.

வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் காவிரி. இவற்றினிடையே பரந்து கிடப்பது சேலம், நாமக்கல் சமவெளி. 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்நிலம் ஒரே மாவட்டமாக விளங்கியது. காவிரிக்கரை ஊர்களை விடுத்து நோக்கினால், இங்குள்ள உழவர்க்குக் கிணறே பெருந்துணை. திருமணிமுத்தாறும் வசிட்டநதியும் கோடையில் பெரும்பாலும் மணலாறுகளாகவே காட்சி தரும். பங்குனி, சித்திரைத் திங்களில் மலைகளின் பாறைகள் வெயிலை வாங்கி வாங்கி வெளியிடும். நிழலிலும் வெப்பம் 38 பாகையைத் தாண்டும் நாள்கள் பல.

இத்தகைய வெயிலிலும் வீட்டின் புறக்கடைத் தோட்டம் பசுமை குன்றாமல் நிற்பதைக் காணலாம். தைப்பட்டத்தில் விதைத்த வெண்டை, கத்தரி, கொத்தவரை, பாகல், புடல், பீர்க்கு, வெள்ளரி, மிளகாய் ஆகியவை பங்குனி முதலாகக் காய்க்கத் தொடங்கும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் பாயும். அரிசி களைந்த நீர் கத்தரிக்கு ஊற்றப்படும். வேலியில் படர்ந்த கொடி, பந்தல் அமைத்த செலவின்றியே காய் தரும். ஒரு சொட்டு நீரும் வீணாகாதவாறு வளர்த்த காய் ஒன்றேனும் வீணாகலாமோ? ஆகாதன்றோ? வற்றல் இடும் வழக்கத்தின் வேர் இவ்வெண்ணத்திலேதான் உள்ளது.

பறித்த காயை அன்றே சமைத்துண்பதே முதன்மையானது. காயைக் கழுவிய பின்னரே அரிதல் வேண்டும். அரிந்த பின் கழுவினால் நீரில் கரையும் சத்துகள் நீரோடு போய்விடும். குறைந்த நீரில் மூடி வேகவைத்தல் நன்று. தட்டைப்பயறும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பும், மத்தால் மசித்த கத்தரிக்காய்க் கடைசலும் இப்பகுதியில் களிக்கும் சோற்றுக்கும் உற்ற துணைகள். பாகற்காயின் கசப்பைப் புளியும் சிறிது வெல்லமும் தணிக்கும்.

ஈண்டு மாணவர்கள் ஒரு சொல்நயத்தைக் கருதுதல் வேண்டும். அவித்தலால் ஆவது அவியல். பொரித்தலால் ஆவது பொரியல். வறுத்தலால் ஆவது வறுவல். துவைத்தலால் ஆவது துவையல். தொழிலைக் குறிக்கும் பெயர், அத்தொழிலால் அமைந்த உணவுக்கு ஆகிவருதலின் இவையெல்லாம் தொழிலாகுபெயர்கள். 'வற்றல் உண்டான்' என்னுமிடத்து, வற்றுதலாகிய தொழிலின் பெயர் வற்றிய காயைக் குறித்தலும் அவ்வாறே. ஊறுகாய் என்பதோ வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்துக்கும் அது பொருந்தி நிற்கும். சாடியில் உள்ள பொருளும் அப்படித்தானே இருக்கிறது! நேற்றும் ஊறியது, இன்றும் ஊறுகிறது, நாளையும் ஊறும். பெயர் வைத்தவர் பொருளின் இயல்பை நன்கு உணர்ந்தே வைத்துள்ளனர்.

இனி, காய் ஏன் அழுகுகிறது என்பதை அறிதல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் காற்றிலும் மண்ணிலும் எங்கும் நிறைந்துள்ளன. அவை பெருகுவதற்கு நீர் இன்றியமையாதது. காய்களிலோ நீரே மிகுதி. கத்தரிக்காயின் எடையில் நூற்றுக்கு 90 பங்கிற்கு மேல் நீராகும். கொத்தவரையில் அது 80 பங்கிற்குச் சற்று மேல். அந்நீரை அகற்றிவிட்டால் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை. ஆதலின் 10 கிலோ கத்தரிக்காய் நன்கு காய்ந்தால் 1 கிலோவும் தேறாது. 10 கிலோ கொத்தவரை ஏறத்தாழ 2 கிலோ வற்றலாகும். எடை குறைகிறதே என்று வருந்த வேண்டா. குறைந்தது பெரும்பாலும் நீர். நின்றது காயின் திண்பொருள்.

கொத்தவரை வற்றல் இடும் முறையைக் காண்போம். பிஞ்சும் அல்லாத முற்றலும் அல்லாத காய்களை எடுத்துக் கழுவிக் காம்பு நீக்குதல் வேண்டும். கொதிக்கும் உப்புநீரில் சிறிது மஞ்சள்தூளுடன் இட்டு, அரைவேக்காட்டில் வடித்தல் வேண்டும். இவ்வாறு வெந்நீரில் இடுவது ஏன்? காய்க்குள் நொதிகள் என்னும் பொருள்கள் உள்ளன. பறித்த பின்னும் அவை தொழிற்பட்டு நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். சூடு அத்தொழிலை நிறுத்துகிறது. பின்னர்த் தூய துணியிலோ மூங்கில் தட்டிலோ ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு பரப்பி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் வைத்தல் வேண்டும். பொழுது சாயுமுன் எடுத்து வீட்டினுள் வைத்து, மறுநாள் மீண்டும் பரப்புதல் வேண்டும். நல்ல வெயிலில் மூன்று முதல் ஐந்து நாள்களில் காய்ந்துவிடும். ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் உண்டு என்பது பொருள்.

மிளகாய், பாகல், சுண்டை ஆகியவற்றுக்கு மோரில் ஊறவைக்கும் முறை உண்டு. கீறிய மிளகாயை உப்பிட்ட கெட்டி மோரில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பர். பின்னர்ப் பகலில் வெயிலில் உலர்த்துவர். மாலையில் அதே மோரில் இடுவர். மோர் முழுவதும் வற்றும்வரை இது தொடரும். இங்கே மூன்று காவலர்கள் ஒருங்கே பணிபுரிகின்றனர். உப்பு, காயில் உள்ள நீரை வெளியே ஈர்க்கிறது. நுண்ணுயிர்களின் உடல்நீரையும் ஈர்த்து அவற்றை அடக்குகிறது. மோரின் புளிப்பு, கேடு செய்யும் உயிர்களை வளரவிடாது. வெயில் எஞ்சிய ஈரத்தைப் போக்குகிறது. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்னும் பழமொழி சுவைக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

மாமரங்கள் நிறைந்த சேலத்தில் கோடைக்காற்று வீசும்போது காய்கள் உதிர்வது இயல்பு. அவற்றைச் சீவி உப்பிட்டு உலர்த்தினால் மாங்காய் வற்றல் ஆகும். மழைக்காலத்துக் குழம்புக்குப் புளிப்பு ஊட்டும். மாவடுவை உப்பிலிட்டுக் காப்பதும் பழைய வழக்கமே. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, விருந்தினர்க்கு அளிக்கும் உணவுகளுள் மாவடு ஊறுகாயையும் குறிப்பிடுகிறது. அக்காலத்தில் காரத்துக்கு மிளகே பயன்பட்டது. அமெரிக்கக் கண்டத்துப் பயிராகிய மிளகாய், போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின்னரே நம் நாட்டிற்கு வந்தது. புதிய காய் வந்தபோது நம் முன்னோர் பழைய முறையை அதற்கும் பொருத்திக்கொண்டனர்.

வீட்டில் செய்யும் இதே வேலையை ஊரே சேர்ந்து செய்தால் அது தொழிலாக வளர்கிறது. மரவள்ளிக்கிழங்கு, தோண்டிய இரண்டு மூன்று நாள்களில் கெடத் தொடங்கும். அதனை அரைத்து மாவைப் பிரித்து உருட்டி உலர்த்தினால் சவ்வரிசியாகிப் பல திங்கள் நிற்கும். இரண்டாம் உலகப்போரின்போது கீழ்நாடுகளிலிருந்து சவ்வரிசி வருவது தடைப்பட்டது. அந்நிலையில், 1943-ஆம் ஆண்டளவில் சேலத்தில் இத்தொழில் வேரூன்றியது. 1981-இல் உற்பத்தியாளர்க்கெனக் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. அச்சவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, உப்பும் சீரகமும் அரைத்த மிளகாயும் எலுமிச்சைச்சாறும் கலந்து துணியில் ஊற்றி உலர்த்துவதே வடகம்.

உணவைக் காக்கும் அறிவு ஒரு நாட்டார்க்கே உரியதன்று. தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலைவாணர், உருளைக்கிழங்கை இரவின் உறைபனியில் உறையவிட்டு, மிதித்து நீரைப் பிழிந்து, பகல் வெயிலில் உலர்த்திப் பல ஆண்டுகள் காத்தனர். நமக்கு வெயில் உதவியது போல அவர்க்குப் பனியும் உதவிற்று. 1795-இல் பிரெஞ்சு அரசு, படைவீரர்க்கு உணவைக் கெடாமல் காக்கும் வழி கூறுவார்க்கு 12,000 பிராங்கு பரிசு அறிவித்தது. நிக்கோலா அப்பேர் என்னும் சமையற்கலைஞர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைக் கண்டு 1810-இல் அப்பரிசைப் பெற்றார். அம்முறை ஏன் பயன் தருகிறது என்பது அவர்க்குத் தெரியாது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, உயிரியல் அறிஞர் லூயி பாசுடர் நுண்ணுயிர்களைப் பற்றி விளக்கிய பின்னரே காரணம் புலப்பட்டது. நம் பாட்டியார் நிலையும் இதுவே. அவர் கை செய்முறையை அறியும். காரணத்தை அறிவது உங்கள் கடமை.

காப்பறிவின் எல்லையையும் உணர்தல் வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டமும் பெருந்துயர் உற்றது. மழை பொய்த்தது, தானியவிலை ஏறியது, நாட்டில் மக்கள் பசியால் மாண்டுகொண்டிருந்தபோதும் துறைமுகத்தில் தானியம் கப்பலேறியது. அத்தகைய கொடும்பஞ்சத்தைத் தடுக்க ஒரு பானை வற்றலால் இயலாது. அதற்கு நீர்நிலைகளும் நல்லரசின் காவலும் வேண்டும். ஆயினும் மழை சில வாரம் தாழ்ந்தாலும், நோயால் குடும்பத்தலைவர் வேலைக்குச் செல்ல இயலாமற் போனாலும், அடைமழையில் சந்தை கூடாவிட்டாலும், அந்தப் பானையே அவ்வில்லத்தின் மானத்தைக் காக்கும். சிறு இடரைத் தாங்கும் வலிமை சிறு சேமிப்பில் உண்டு.

சில எச்சரிக்கைகளை மனத்தில் இருத்துக. சித்திரை, வைகாசியில் பிற்பகலில் திடுமென இடியுடன் மழை பெய்வதுண்டு; உலர்த்திய பொருளைக் காவலின்றி விடுதல் ஆகாது. ஈரக்கையும் ஈரக்கரண்டியும் சாடிக்குப் பகை. ஊறுகாயில் எண்ணெய் காற்றைத் தடுக்கும். உப்பும் புளிப்பும் குறைந்தால் எண்ணெய் மட்டும் காவாது. பூஞ்சணம் பிடித்த வற்றலை மீண்டும் வெயிலில் இட்டு உண்ணலாம் என எண்ணுதல் தவறு. சில பூஞ்சைகளின் நஞ்சு வெயிலாலும் வறுத்தலாலும் முற்றும் நீங்காது. அதனை எறிந்துவிடுதலே தக்கது. வெயிலில் காய்ந்த காயில் உயிர்ச்சத்து 'சி' பெரும்பகுதி அழிந்துவிடும். ஆதலின் பசுங்காய் கிடைக்கும் நாளில் பசுங்காயையே உண்க. ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வற்றலும் ஊறுகாயும் உப்பு மிக்கவை; குருதி அழுத்தம் மிக்கவர்கள் அவற்றைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.

இன்று குளிர்ப்பெட்டி பல இல்லங்களில் உள்ளது. மைசூரில் 1950-இல் நிறுவப்பெற்ற நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை உணவைக் காக்கும் முறைகளை ஆராய்ந்து வருகின்றன. தூசும் ஈயும் அணுகாத சூரிய உலர்த்திகளும் வந்துள்ளன. இருந்தும் தக்காளியின் விலை வீழும்போது உழவர் அதனைப் பறித்த கூலிக்கும் கட்டாது என்று கொட்டிவிடும் செய்தியை ஆண்டுதோறும் கேட்கிறோம். அதே தக்காளிக்குச் சில திங்கள் கழித்து நாம் பன்மடங்கு விலை தருகிறோம். காக்கும் அறிவு நம்மிடம் இருந்தும் அதனைக் கைவிட்டதன் விளைவுகளுள் இதுவும் ஒன்று.

மாணவர்களே! 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது பழமொழி. வெயில் உள்ளபோதே உலர்த்திக்கொள் என்பது நம் இல்லங்கள் கற்பிக்கும் பாடம். செடியை வாட்டும் அதே வெயில், அறிந்தவர் கையில் காயைக் காக்கும் கருவியாகிறது. இக்கோடை விடுமுறையில் உங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டு ஒரு காயையேனும் நீங்களே வற்றலாக்கிப் பாருங்கள். காய்ச்சுமுன் எடையையும் காய்ந்தபின் எடையையும் குறித்து வையுங்கள். ஆணாயினும் பெண்ணாயினும் இவ்வேலை அனைவர்க்கும் உரியதே. ஐப்பசி மழையில் அவ்வற்றல் இலையில் விழும் நாளில், முன்னறிந்து செய்த முயற்சியின் சுவையையும் சேர்த்து உண்பீர்கள்.

பயிற்சி

1. காய் அழுகுவதற்குக் காரணம் யாது? வற்றலிடுதல் அதனை எவ்வாறு தடுக்கிறது?
2. மோர்மிளகாயைக் காக்கும் 'மூன்று காவலர்கள்' எவை? ஒவ்வொன்றின் பணியையும் விளக்குக.
3. அப்பேர், பாசுடர் ஆகியோர் பணிகளுக்கிடையே உள்ள தொடர்பு யாது?
4. ஊறுகாய், வற்றல், துவையல் ஆகியவற்றுக்கு இலக்கணக்குறிப்பு வரைக.
5. 'சிறு இடரைத் தாங்கும் வலிமை சிறு சேமிப்பில் உண்டு' என்பதைத் தலைப்பாகக் கொண்டு ஒரு பத்தி எழுதுக.